புதுப்பித்தலும் மீட்டலும்

தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள், பங்கு இளைஞர்களுக்கான தியானக் கையேடு ஒன்றை நாம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் அமைந்த குறிப்புகளைத் தமிழாக்கும் பொறுப்பைப் பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் ஏற்றிருந்தார். அவர் எழுதிக் கொணர்ந்த தாளில் 'புதுப்பித்தல்' என்னும் சொல் ஒரே பத்தியில் மூன்று முறை வந்திருந்தது. மூலத்தை எடுத்துப் பார்த்தோம். அங்கே இருந்தவையோ 'ரிஃப்ரெஷ்', 'ரெனியூ', 'ரெஸ்டோர்' என்னும் மூன்று வெவ்வேறு சொற்கள். "மூன்றுக்கும் ஒரே சொல் போதுமா?" என்று வினவினோம். "மூன்றும் ஒன்றுதானே ஃபாதர்? பழையதைப் புதியதாக்குவதுதானே?" என்றார் அவர்.

அவ்வேளையில் நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. கையேட்டை ஒருவாறு திருத்தி அச்சுக்கு அனுப்பினோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் அன்று, நம் அறவாழ்வின் சிக்கல் என்பது சிந்திக்கச் சிந்திக்கப் புலனாயிற்று. மனமாற்றத்தின் காலம் என்று ஆண்டுதோறும் தவக்காலத்தைக் கொண்டாடும் நாம், உண்மையில் அம்மூன்றுள் எதனைத் தேடுகிறோம்?

முதலில் சொற்களையே பார்ப்போம். 'ரிஃப்ரெஷ்' என்பது களைப்பு நீங்குதல். வெயிலில் நடந்து வந்தவன் மரநிழலில் அமர்ந்து ஒரு குவளை மோர் அருந்தினால் அவனுக்கு நிகழ்வது அது. அவன் புது மனிதன் ஆகிவிடவில்லை; இளைப்பாறினான், அவ்வளவே. இதைத் தமிழில் 'இளைப்பாற்றுதல்' என்பதே பொருந்தும். 'ரெனியூ' என்பது காலம் கடந்து வலுவிழந்த ஒன்றுக்கு மீண்டும் வலுவளித்தல். ஓட்டுநர் உரிமமும் காப்பீட்டுப் பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் இவ்வாறுதான் புதுப்பிக்கப்படுகின்றன. 'ரெஸ்டோர்' என்பதோ இவ்விரண்டினும் ஆழமானது. சிதைந்ததை முன்னிருந்த நிலைக்குக் கொணர்தல் என்பது அதன் ஒரு பொருள். எடுத்ததை உரியவரிடம் திருப்பி ஒப்படைத்தல் என்பது அதன் மற்றொரு பொருள். பழுதுபார்ப்பவனுக்கும் கடன் தீர்ப்பவனுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் பொதுவாய் நிற்கிறது. தமிழில் நாம் முன்னதைச் 'சீரமைத்தல்' என்றும் பின்னதைத் 'திருப்பிக் கொடுத்தல்' என்றும் பிரித்துவிட்டோம். சொல்லைப் பிரித்ததில் தவறில்லை. செயலையும் பிரித்துவிட்டோமோ என்பதே நம் ஐயம்.

திருத்தூதர் பணிகள் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் இச்சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவர் கோவில் வாயிலில் எழுந்து நடந்தபின், சாலமோன் மண்டபத்தில் கூடிய மக்களிடம் பேதுரு பேசுகிறார். அவர் சொல்லும் வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் மனம் மாறித் திரும்புங்கள் என்கிறார். அதனால் பாவங்கள் துடைக்கப்படும். அதன்பின் ஆண்டவரிடமிருந்து இளைப்பாறுதலின் காலம் வரும். இறுதியாக யாவும் மீண்டும் சீர்பெறும் காலம் வரும் என்கிறார். இளைப்பாறுதலைக் குறிக்க மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள சொல் 'அனாப்சிக்சிஸ்'. குளிர்ச்சி பெறுதல், மூச்சு வாங்குதல் என்பது அதன் அடிப்பொருள். யாவும் சீர்பெறுதலைக் குறிக்கும் சொல் 'அப்போகடாஸ்டாசிஸ்'. ஒவ்வொன்றும் தன் பழைய இடத்தில் மீண்டும் நிலைநிறுத்தப்படுதல் என்பது அதன் பொருள். ஆக, திரும்புதல் முதலாவது, இளைப்பாறுதல் அடுத்தது, முழுச் சீரமைப்பு முடிவு. நாமோ பெரும்பாலும் நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னதையும் பின்னதையும் விட்டுவிடுகிறோம். மூன்று நாள் தியானம் முடிந்து வெளியே வரும்போது, "மனசு லேசா இருக்கு" என்கிறோம். அது நல்லதே. ஆனால் லேசான மனத்தோடு நாம் திரும்பிச் செல்லும் வீட்டில் என்ன மாறியிருக்கிறது?

இவ்வினாவைச் சுமந்துகொண்டு ஒரு மாலை நாம் மாடம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தோம். சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் இவ்வூரின் தொன்மைக்குச் சான்றாய் நிற்கிறது. ஊரின் ஏரியும் அதைப் போலவே முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்த நீர் இது. வயல்கள் மனைகளான பின், ஏரிக்குள் தோண்டிய கிணறுகளிலிருந்து இவ்வூருக்கும் சுற்றுப்புறக் குடியிருப்புகளுக்கும் குடிநீர் சென்றது. மாடம்பாக்கம் 2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. பேரூராட்சி மாநகராட்சி ஆயிற்று. ஏரியோ முன்போலவே மழையை எதிர்நோக்கி இருக்கிறது.

செங்கற்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர் வழங்கியதுண்டு. இங்கே ஏரி என்பது தனியாய் நிற்கும் குளம் அன்று. மேலேயுள்ள ஏரி நிறைந்தால் கலிங்கல் வழியே வழிந்து, கால்வாயில் ஓடி, கீழேயுள்ள ஏரியை நிரப்பும். இவ்வாறு தென்சென்னைப் புறநகரின் பல ஏரிகளது உபரிநீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில், 2022-ஆம் ஆண்டு இடம்பெற்ற நிலம் அது. ஏரியைக் காக்க வேண்டுமாயின் கரையை மட்டும் காத்தல் போதாது. நீர் வரும் வழியும் போகும் வழியும் காக்கப்பட வேண்டும்.

இனி, ஏரியைப் 'புதுப்பிக்கும்' வகைகளை எண்ணிப் பார்ப்போம். கரையில் நடைபாதை அமைத்து, இருக்கைகள் போட்டு, வண்ண விளக்குகள் பொருத்தலாம். மாலையில் நடப்பவருக்கு அது இளைப்பாறுதல். தூர்வாரிக் கரையை உயர்த்தி மதகைப் பழுதுபார்க்கலாம். அது புதுப்பித்தல். ஆனால் வரத்துக் கால்வாயின்மேல் வீடுகள் நின்றால், கழிவுநீர் ஏரிக்குள் பாய்ந்தால், தூர்வாரிய ஏரிக்கும் தூய நீர் வராது. நீரின் வழியை நீரிடமே திருப்பிக் கொடுத்தால் அன்றி அந்த ஏரி மீளாது. முதல் இரண்டும் பணத்தால் ஆகும். மூன்றாவது ஆக வேண்டுமாயின் எவரேனும் ஒருவர் தாம் பிடித்திருப்பதை விட்டாக வேண்டும். அதனால்தான் முதல் இரண்டுக்கும் விழா எடுக்கிறோம். மூன்றாவதைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. புறநகர் எங்கும் தெருக்களில் படகுகள் ஓடின. நான்கே ஆண்டுகளில், 2019-இன் கோடையில், அதே மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர். வெள்ளமும் வறட்சியும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள் அன்றோ? நீரின் இடத்தை நாம் எடுத்துக்கொண்டோம். மழைக்காலத்தில் அது தன் இடத்தைத் தேடி நம் வீட்டுக்குள் வந்தது. கோடையில் தங்க இடமின்றி நம்மை விட்டுப் போயிற்று.

ஊரின் நீர்நிலையைக் காப்பவர் எத்தகையவராய் இருக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் கல்லிலே வெட்டி வைத்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. அம்முறைப்படி தெரிந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்தில் இடம்பெற முடியாது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் அதில் இடமில்லை. ஏரியைத் தூர்வாரும் திறமை உண்டா என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. கையிலே பிறர் பொருள் இருக்கிறதா என்றும் கேட்டனர். எடுத்ததைத் திருப்பிக் கொடாதவன் பொதுச்சொத்தைச் சீரமைக்கத் தகுதியற்றவன் என்னும் உண்மையை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண் அறிந்திருந்தது.

திருமறையும் இதையே போதிக்கிறது. 1611-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில விவிலியத்தில் 'ரெஸ்டோர்' என்னும் சொல் நம் உள்ளம் கவர்ந்த இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று 23-ஆம் திருப்பாடல். அங்கே நல்லாயனாகிய ஆண்டவர் நம் ஆன்மாவுக்குச் செய்வது அச்சொல்லால் சொல்லப்படுகிறது. மற்றொன்று லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரம். அங்கே சக்கேயு, தாம் ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாக ஆண்டவர் முன் எழுந்து நின்று உறுதி கூறுகிறார். அதுவும் அச்சொல்லாலேயே சொல்லப்படுகிறது. இறைவன் நம் உயிரைத் திருப்பித் தருகிறார்; நாம் பிறர் பணத்தைத் திருப்பித் தருகிறோம். ஒன்று மற்றொன்றின் எதிரொலி. சக்கேயுவின் வீட்டுக்கு அன்று மீட்பு வந்தது என்று இயேசு அறிவித்தது, அவர் அந்த உறுதியைக் கூறிய பின்னரே என்பதை நாம் மறத்தலாகாது.

திருடிய ஓர் ஆட்டுக்கு நான்கு ஆடுகள் என்று விடுதலைப் பயண நூல் விதிக்கிறது. பிறருக்கு இழைத்த தீங்கை அறிக்கையிடுவதோடு அமையாமல், முழு ஈட்டையும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து அளிக்க வேண்டும் என்கிறது எண்ணிக்கை நூல். திருப்பித் தர இயன்றும் தராதவனின் மனவருத்தம் வெறும் நடிப்பே என்பது புனித அகுஸ்தீனின் முடிவு. புனித தாமஸ் அக்குவினாஸ் நீதியைப் பற்றி எழுதும்போது ஈடுசெய்தலுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்குகிறார். குருமடத்தில் இவற்றையெல்லாம் நாம் தேர்வுக்காகப் படித்தோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்த பின்னரே இவை எவ்வளவு அரிதாய்க் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதை உணர்ந்தோம். செபம் சொல்லிக் கழிக்கும் பரிகாரத்தை எவரும் மறுப்பதில்லை. தங்கையின் பங்கை எழுதிக் கொடு, வேலையாளின் நிலுவைக் கூலியைத் தீர்த்துவிடு என்று சொன்னால் பலருக்கும் முகம் மாறிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. திருப்பிக் கொடுத்தல் என்னும் பெயரால் எளியவரிடமிருந்து மட்டும் பறிப்பது நீதியாகாது. நீர்நிலைகளை மீட்பதாகச் சொல்லும்போது முதலில் அகற்றப்படுவது பெரும்பாலும் ஓலைக் குடிசையே. மாடிக் கட்டடம் அன்று. 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டன. அவ்விடமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த தாழ்நிலம். வெள்ளத்துக்குத் தப்புவிக்க வேண்டி வெள்ளத்தின் பக்கத்திலேயே வைத்தோம். பிழைப்பையும் பள்ளியையும் விட்டு நெடுந்தொலைவு வந்த அவர்களுக்கு நாம் எதைத் திருப்பிக் கொடுத்தோம்? சக்கேயு தம் சொந்தப் பையிலிருந்து கொடுத்தார். அடுத்த வீட்டு ஏழையின் பையிலிருந்து அன்று.

பிறரைக் குறைகூறி இக்கட்டுரையை முடித்தல் எளிது. அதற்கு நமக்குத் தகுதியில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இளங்குருவாய் நாம் பணியாற்றிய கிராமப் பங்கு ஒன்றில், ஆலயத்தைப் புதுப்பிக்கும் பணியை மிகுந்த ஆர்வத்தோடு மேற்கொண்டோம். தளம் மாற்றினோம், கோபுரத்துக்கு வண்ணம் பூசினோம், மணியைச் சீர்செய்தோம். அவ்வாண்டு மழையில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இருந்த குறுக்குச் சுவர் பாதி இடிந்து விழுந்தது. அது எதற்காக நின்ற சுவர் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இப்பக்கம் ஒரு சாதியார், அப்பக்கம் மற்றொரு சாதியார். நவம்பர் இரண்டாம் நாளுக்குள் அதையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்றனர் ஊர்ப் பெரியவர்கள். நாம் மறுக்கவில்லை. பணி தடைப்படும், பங்கு பிளவுபடும் என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டோம். சுவர் எழுந்தது. ஆலயத்துக்கு வாங்கிய சுண்ணாம்பில் எஞ்சியதை அதற்கும் பூசினோம்.

திருப்பலியில் இறந்தோருக்காக மன்றாடும்போது, குளிர்ச்சியும் ஒளியும் அமைதியும் நிறைந்த இடத்தை அவர்களுக்கு அருளுமாறு உரோமைத் திருச்சபையின் தொன்மையான நற்கருணை மன்றாட்டு வேண்டுகிறது. குளிர்ச்சிக்கு அங்குள்ள இலத்தீன் சொல் 'ரெஃப்ரிஜேரியும்'. முற்காலக் கிறிஸ்தவர் தம் கல்லறைகளின்மேல் எழுதி வைத்த சொல் அது. அந்தக் கல்லறைத் திருநாளில் இம்மன்றாட்டைச் சொல்லி முடித்து, சுவரின் இருபுறமும் தீர்த்தம் தெளித்து வந்தோம். அப்பக்கத்தில் ஒரு மூதாட்டி மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தார். "சாமி, சுவரு தானாத்தான் விழுந்துச்சு. அத ஏன் சாமி எடுத்துக் கட்டுனீங்க?" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. நம்மிடம் பதிலும் இல்லை. அடுத்த ஆண்டே மாற்றலாகிப் போனோம்.

தவக்காலக் கையேட்டுக்குப் பின்னர், இவ்வாண்டு அவ்வூருக்குச் சென்றோம். மூதாட்டி இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மகனைக் கண்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் கைகளைப் பற்றிக்கொண்டார். கண்கள் கலங்கின, நெஞ்சின் பாரம் இறங்கியது போலிருந்தது. சற்றுப் பொறுத்து அவர் கேட்டார்: "சரிங்க சாமி... சுவரு?"

அவ்வொரு சொல்லில் நம் இளைஞரின் கேள்விக்கு விடை கிடைத்தது. மன்னிப்புக் கேட்டதில் நாம் இளைப்பாறினோம். அவர் இழந்தது அவருக்குத் திரும்பவில்லை. திருச்சபையில் சாதி வேற்றுமை நற்செய்திக்கு முரணானது என்று 2003-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடமே எடுத்துரைத்தார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை ஏடும் அதைப் பெரும் சமூகப் பாவம் என்றே கண்டிக்கிறது. ஏடுகள் புதியவை, சுவர் பழையது. அப்பங்கின் இன்றைய தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் நாம் கடிதம் எழுதியுள்ளோம். அச்சுவரைக் கட்ட இசைந்தவர் நாமே, அது நம் தவறு என்று அதில் எழுதிக் கையொப்பமிட்டோம். ஆலயத்தில் மக்கள் முன் அதைப் படிக்குமாறு கேட்டுக்கொண்டோம். சுவரை அகற்றும் செலவை நம் சொந்தப் பணத்திலிருந்து தருவதாகவும் எழுதினோம். இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. கடன் இன்னும் நம் பேரிலேயே நிற்கிறது.

சொல்லுக்கே திரும்புவோம். 'ரெஸ்டோர்' என்பதற்கு நம் மொழியில் நேரான சொல் இல்லை என்று எண்ணியிருந்தோம். உண்மையில் அது நம் நாவிலேயே இருக்கிறது. மீள்தல் என்றால் திரும்பி வருதல். மீட்டல் என்றால் திரும்பி வரச் செய்தல். அடகு வைத்த நகையை மீட்கிறோம், பறிபோன நிலத்தை மீட்கிறோம், ஏரியை மீட்டெடுக்கிறோம். 23-ஆம் திருப்பாடலின் எபிரேய மூலத்திலும் இதே உறவு உண்டு. அங்கே ஆன்மாவைக் குறித்து வரும் சொல்லின் வேர் 'ஷூப்'. திரும்பி வாருங்கள் என்று இறைவாக்கினர் மக்களை அழைத்ததும் அவ்வேரால்தான். நம்மைத் திரும்பச் செய்பவரும், நமக்கு உயிரைத் திருப்பித் தருபவரும் ஒருவரே. அவரைத்தான் நாம் நாள்தோறும் மீட்பர் என்று அழைக்கிறோம்.

புதுப்பித்தல் என்ற சொல்லைக் கேட்டால் எதை என்று கேட்டு நிறுத்திக்கொள்ளலாம். மீட்டல் என்றாலோ எதனிடமிருந்து, யாருக்காக என்றும் கேட்டாக வேண்டும். ஆதலால், நம் ஆலயத்துக்குப் புதிய பீடம் அமைக்கும்போதும், இல்லத்துக்கு வண்ணம் பூசி மந்திரிக்கக் குருவை அழைக்கும்போதும், நாற்பது நாள் நோன்பு இருக்கும்போதும் நமக்கு நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: இங்கே எவருக்கேனும் உரியது எதுவும் இன்னும் நம் கையில் இருக்கிறதா?

பாஸ்கா திருவிழிப்பின் இரவில், எரியும் திரிகளை ஏந்தி நாம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். அச்சடங்கின் ஒழுங்கைக் கவனித்திருக்கிறோமா? நம்புகிறீர்களா என்று குரு முதலில் கேட்பதில்லை. விட்டுவிடுகிறீர்களா என்றே முதலில் கேட்கிறார். தீமையை விட்டுவிட்டோம் என்று நாம் மும்முறை அறிக்கையிட்ட பின்னரே நம்பிக்கை அறிக்கை தொடர்கிறது. அதன்பின் புதிய நீர் நம்மேல் தெளிக்கப்படுகிறது. நீர் வருவதற்கு முன் கை திறந்திருக்க வேண்டும். வரும் பாஸ்காவில் அந்தக் கேள்வி நம் காதில் விழும்போது, விட வேண்டியது எது என்று பெயர் சொல்லி நினைப்போம். அதை உரியவரிடம் சேர்ப்பித்துவிட்டு, அந்த நீரின் குளிர்ச்சியை ஏற்போம்.